சாம்பல் இல்லாத சுருட்டு

வெங்கிடாசலம் வீட்டில் பால் திரிந்துபோனால், ஏன் திரிந்தது என்று தெரியும்வரை அடுத்த பாலைக் காய்ச்ச முடியாது. பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பார். பாக்கெட்டின் தேதியைப் பார்ப்பார். ஃபிரிட்ஜின் கதவு ரப்பரை விரலால் தடவிப் பார்ப்பார். அவர் மனைவி கனகாம்பாள் அதற்குள் பக்கத்துக் கடையில் சாயா வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

அவரை எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். பெரிய புத்திசாலி என்று சொல்லமாட்டேன். விடாப்பிடிக்காரர்; இரண்டும் ஒன்றல்ல. பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். தொழில், இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த கிடங்கு, நனைந்த சரக்கு, உடைந்த பெட்டி என்றால் கம்பெனிகள் அவரைக் கூப்பிடும். வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்து, நனைந்த சாக்கைப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டு விடுவார். வெள்ளையாகத் திரிந்தால் கடல் தண்ணீர், இல்லையென்றால் மழை. கடல் என்றால் நஷ்டம் ஒருவர் தலையில் விடியும், மழை என்றால் இன்னொருவர் தலையில். 'காரணம் தெரியவில்லை' என்று அவர் எழுதிய அறிக்கை கிடையாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும்.

மட்டாஞ்சேரியிலேயே கொச்சங்காடியில் சைபுதீனின் சுக்குக் கிடங்குக்கு அவர் போனது, தீ பாலிசியைப் புதுப்பிக்கலாமா என்று பார்த்துச் சொல்ல. பாலிசி இல்லாத கிடங்கில் எந்த ஏற்றுமதிக்காரனும் சரக்கு வைக்கமாட்டான். சைபுதீனுக்கு வேறு பிழைப்பும் இல்லை. இருவருக்கும் பழைய அறிமுகம் உண்டு. ஒருமுறை சைபுதீனின் மிளகு நனைந்தபோது, அது கடல் இல்லை, உன் கூரை ஒழுகிய மழைதான் என்று எழுதியவர் வெங்கிடாசலம். அதற்கப்புறமும் சைபுதீன் அவரைக் கண்டால் சாயா சொல்வார். ஆனால் சர்க்கரை கம்மியாகத்தான் இருக்கும்.

சந்துப் பக்கத்து ஜன்னலருகே வந்ததும் வெங்கிடாசலம் நின்றுவிட்டார். ஜன்னல் திட்டில் வரிசையாகச் சுருட்டுத் துண்டுகள், சாம்பல், கரிந்த தீக்குச்சிகள். மரக்கதவுக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் எட்டும் தூரத்தில் சாக்கு மூட்டைகள்.

"சைபு, என்னை எதுக்குக் கூப்பிட்டே? பாலிசி புதுப்பிக்கவா, எரியறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பாத்துக்கோன்னா?"

"சாமி, நான் வைக்கலை. காப்பிரிக்கு வைக்கிறாங்க."

"காப்பிரி மாங்காட்டுமுக்கு மதில்லன்னா இருக்கார்? இங்க எப்போ குடிவந்தார்?"

"அண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு" என்றாள் உள்ளேயிருந்து ரஃபீனா. சைபுதீனின் தங்கை, கிடங்கின் கணக்குவழக்கு எல்லாம் அவள்தான்.

போர்ச்சுகீசியர் இந்த ஊரை விட்டு ஓடியபோது, தங்கள் புதையலோடு ஆப்பிரிக்க அடிமைகளையும் சுவருக்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று மட்டாஞ்சேரியில் ஒரு கதை உண்டு. அப்படிப் புதைந்தவர்தான் காப்பிரி முத்தப்பன். இரவில் மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார் என்பார்கள். தொலைந்தது கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மெழுகுவத்தியும் சுருட்டும் கொளுத்தி வைப்பார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லை. கொடுமைக்கு ஆளானவரைத் தெய்வமாக்கி ஒரு சுருட்டோடு பாக்கியைத் தீர்த்துக்கொள்வது மனிதர்களுக்கு வசதியான ஏற்பாடுதான். அதை இங்கே விட்டுவிடுவோம்.

இந்தக் கதையை வைத்துப் பெங்களூரில் சில மலையாளிகள் ஒரு வீடியோ கேம் செய்தார்கள். பெயர் 'மதில்'. அதற்காகச் சைபுதீனின் கிடங்கைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். விளையாட்டில் வரும் கிடங்கு அச்சாக இதேதான். ஜன்னல் கம்பியின் வளைவுகூட மாறவில்லை. காணாமல் போன தம்பியைத் தேடி லீலா என்ற பெண் வருகிறாள். துப்புத் துலக்கிக்கொண்டே போய்க் கடைசியில் இந்தக் கிடங்குக்குள் நுழைகிறாள். பிறகு நாம் சந்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். உள்ளே யாரும் இல்லை. இருட்டில், முற்றத்து மதில்மேல் ஒரு சுருட்டு. அதன் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. யாரோ மூச்சை இழுத்ததுபோல அது ஒருமுறை பிரகாசமாகிறது. அவ்வளவுதான், முடிந்தது.

லீலா செத்தாளா, பிழைத்தாளா என்று யாரும் சொல்லவில்லை. விளையாடியவர்கள் இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். சிலர் கிடங்கைத் தேடிக் கொச்சங்காடிக்கே வந்தார்கள். வந்தவர்கள் சைபுதீனிடம், இங்கே நிஜமாகவே காப்பிரி உண்டா என்று கேட்டார்கள்.

கொச்சங்காடி வியாபாரியிடம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்ற பதில் வராது. ஜாதிக்காய் கேட்டால் ஜாதிக்காய், ஜாதிபத்திரி கேட்டால் ஜாதிபத்திரி. பக்கத்துக் கடையிலிருந்தாவது வரவழைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சைபுதீனும், "பின்னே? எங்க வாப்பா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டார். மறுநாளே சுருட்டு வர ஆரம்பித்துவிட்டது.

அதை நிறுத்தச் சைபுதீன் பாடுபடாமல் இல்லை. 'தீ வைக்காதீர்' என்று ஒரு பலகை மாட்டினார். விளையாட்டில் இல்லாத புதுத் துப்பு என்று அதைப் படமெடுத்துப் போட்டார்கள். சுடலைமணி என்ற காவல்காரரை வைத்தார். அவர் காணிக்கைச் சுருட்டுகளை வீணாக்க மனமில்லாமல், சாயங்காலம் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஜன்னல் வழியாக அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்த இரண்டு பெண்கள் போட்ட கூச்சலோடு ஒரு வீடியோ வந்தது. அதற்கப்புறம் கோழிக்கோட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

"அவாளுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டார் வெங்கிடாசலம்.

"ரெண்டு கட்சி சாமி" என்றாள் ரஃபீனா. "லீலா செத்துட்டா, காப்பிரி உக்காந்து சுருட்டுப் பிடிக்கிறார்னு ஒரு கட்சி. அவங்க லீலா ஆத்மாவுக்காகக் கொளுத்துறாங்க. தம்பி கிடைச்சுட்டான், லீலாதான் நன்றிக்குச் சுருட்டு கொளுத்தி வச்சுட்டுப் போனான்னு இன்னொரு கட்சி. அவங்க நன்றிக்குக் கொளுத்துறாங்க."

"ரெண்டுக்கும் தீப்பெட்டி ஒண்ணுதானே!" என்று தலையில் கை வைத்தார் சைபுதீன்.

"அப்போ எது சரின்னு தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை" என்றார் வெங்கிடாசலம். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இருந்தாலும், எது சரி?"

அறிக்கைக்கு மாசக் கடைசி வரை அவகாசம் இருந்தது. இப்படியே இருந்தால் புதுப்பிக்க வேண்டாம் என்றுதான் எழுதுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தோடு வந்து, ரஃபீனாவின் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அவரோடு விளையாடுவது லேசான காரியமாக இல்லை. ரஃபீனா விசைப்பலகையில்; இவர் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுவார்.

"ஓடணும் சாமி, பின்னாடி அது வருது!"

"வரட்டும். இந்தத் தரையில ஈரம் எங்கேர்ந்து வந்தது? மேல பாரு."

"மேல பாத்தா செத்துடுவா!"

"செத்தா திரும்ப வருவாளோன்னோ? பாரு."

லீலா பலமுறை செத்தாள். ஒருமுறை கதவுக் கீலின் துருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்தாள். சைபுதீன் எட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளையைக் கொல்றது காப்பிரி இல்ல, சாமிதான்" என்றார். அன்றைக்குச் சாயாவில் சர்க்கரை சரியாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்ததும் வெங்கிடாசலம் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். பெரிதாக்கச் சொன்னார். சுருட்டு, சிவப்புப் புள்ளி, கீழே மதில்.

"முன்னாடி ஒரு படகுக்காரன் பீடி பிடிச்சானே, அங்க போ."

போனாள். படகுக்காரன் பீடியைத் தட்டினான். சாம்பல் உதிர்ந்து வேட்டியில் விழுந்தது.

"இப்போ இங்க வா. சாம்பல் எங்கே?"

ரஃபீனா பார்த்தாள். சுருட்டின் நுனியிலும் இல்லை, மதில்மேலும் இல்லை.

"இது எரியலை" என்றார் வெங்கிடாசலம்.

"அப்போ அந்த வெளிச்சம்?"

"அது எனக்குத் தெரியாது. எரிஞ்சா சாம்பல் உண்டு. சாம்பல் வரையத் தெரிஞ்சவா இங்க வரையலை. யாரோ ஒரு சுருட்டை வச்சிருக்கா. கொளுத்தலை."

இதை மகத்தான கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒரு படத்தில் இல்லாத பொருளை வைத்துச் சாதிப்பது எப்போதுமே சந்தேகத்துக்குரியது. ஆனால் ரஃபீனா அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டாள். எரிந்தது எது, எரியாதது எது என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மட்டாஞ்சேரி சர்வேயர் ஒருவர் சொல்கிறார், என்று எழுதினாள். அது பற்றிக்கொண்டது. இப்படிச் சொல்வது வெங்கிடாசலத்துக்குப் பிடிக்காது.

இரண்டு கட்சியும் அதை ஏற்றுக்கொண்டதுதான் வேடிக்கை. லீலா கொளுத்துவதற்குள் காப்பிரி வந்துவிட்டார் என்றது ஒன்று. காப்பிரிக்கு நெருப்பே வேண்டாம், மனசு போதும் என்றது மற்றது. லீலாவைப் பற்றிய சண்டை அப்படியே இருந்தது. சுருட்டைப் பற்றி மட்டும் சமாதானம் வந்துவிட்டது. கொளுத்தி வைக்கிறவன் விளையாட்டைச் சரியாகப் பார்க்காதவன் என்று ஆகிவிட்டது. ஜன்னல் திட்டில் இப்போது உறை பிரிக்காத முழுச் சுருட்டுகள் வந்தன. அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போன சுடலைமணி சம்பள உயர்வு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

வெங்கிடாசலம் உடனே நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பல சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு தீக்குச்சிகூட இல்லை. ஜன்னலை ஒட்டிய மூட்டைகளை நகர்த்தச் சொன்னார், மணல் வாளி வைக்கச் சொன்னார். கண்டதைக் கண்டபடி எழுதினார்: சுருட்டு வைக்கிறார்கள், கொளுத்துவதில்லை. கம்பெனி பாலிசியைப் புதுப்பித்தது. ஆனால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், நெருப்பின் அடையாளம் ஏதாவது இருந்தால் ரத்து என்ற நிபந்தனையோடு.

அந்த மறுபார்வைக்கு அவர் வந்த அன்றுதான் தன்யாவும் வந்தாள். விளையாட்டைச் செய்தவர்களில் ஒருத்தி; கடைசிக் காட்சியை வரைந்தவள். வாசலில் ஏற்கனவே விளையாட்டு ரசிகர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவளை அடையாளம் கண்டுகொண்டு, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்கள்.

"இவரா சர்வேயர் சார்?" என்று மலையாளத்தில் கேட்டாள் தன்யா. "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அந்தச் சாம்பல் விஷயம் இருக்கே சார், நிஜத்தைச் சொல்லணும்னா..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்தச் சிரிப்பு எதற்கென்று சொல்லமுடியாது. கண்டுபிடித்துவிட்டாரே என்ற சந்தோஷமாக இருக்கலாம். வரைய மறந்ததை இப்படிக் கொண்டாடுகிறார்களே என்பதாகவும் இருக்கலாம். சைபுதீனின் முகம் வெளுத்துவிட்டது. மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால், அது இந்த ஃபோன்கள் வழியாக ஊரெல்லாம் போகும். நாளைக் காலை தீப்பெட்டி வரும்.

"நில்லு மோளே" என்றார் வெங்கிடாசலம். "சொல்லாதே."

"ஏன் சார்? நீங்க சொன்னது சரியா தப்பான்னு தெரிய வேண்டாமா?"

"வேணும்."

"அப்புறம்?"

"ரொம்ப வேணும். அதான் சொல்லாதேங்கறேன்."

தன்யா அவரைப் பார்த்தாள். ஜன்னல் திட்டைப் பார்த்தாள். நகர்த்தி வைத்திருந்த மூட்டைகளையும் மணல் வாளியையும் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். ஃபோன்களின் பக்கம் திரும்பி, "நாங்க எதையும் சொல்றதா இல்லை. பார்த்தவங்க பார்த்துச் சொல்லட்டும்" என்றாள். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

சைபுதீன் ஓடிப்போய் எல்லோருக்கும் சாயா சொன்னார். வெங்கிடாசலம் நின்றுகொண்டே குடித்தார், மறுபார்வைத் தாளில் கையெழுத்துப் போட்டார், பையை எடுத்துக்கொண்டார். வல்லார்பாடத்தில் நனைந்த முந்திரிச் சரக்கு ஒன்று காத்திருந்தது.

ரஃபீனா வாசல்வரை கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, ஆளுங்க போனதும் அந்தப் பொண்ணுகிட்ட தனியாக் கேட்டுக்கலாமே. யாருக்கும் தெரியாது" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே திரும்பிப் பார்த்தார். தன்யா மூட்டைமேல் உட்கார்ந்து சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் அவர் திரும்ப உள்ளே போய்விடுவார் என்றே ரஃபீனாவுக்குத் தோன்றியதாம்.

"அடுத்த வருஷமும் கம்பெனி என்னைத்தான் அனுப்பும்" என்றார். "சந்துல யாராவது பிடிச்சு நிறுத்தி, சார், அது எரிஞ்சுதா இல்லையான்னு கேப்பா. தெரிஞ்சுண்டு தெரியாதுன்னு சொல்ல எனக்கு வராதும்மா."

சந்தில் இறங்கிப் படகுத்துறைப் பக்கம் நடந்தார். கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.