பஞ்சாட்சரத்தின் செவலைப் பசு

திருப்புலிவனத்தை ஒட்டிய காலனியில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி ஜெபம் பண்ணுவார்கள். வேதத்தை வாசித்துப் பொருள் சொல்வது ஞானசுந்தரியின் பொறுப்பு. செங்கல்பட்டில் மிஷன் போர்டிங்கில் தங்கி எட்டாவது வரை படித்தவள். மாசிலாமணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். கேழ்வரகு விளைகிற கொஞ்சம் சொந்தக் கொல்லையிலும் பாடுபட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேறு ஆளாகிவிடுவாள். கணீரென்ற குரல். கேட்பவர் மனதில் பதிகிற மாதிரி பேசுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எழுபத்தாறாம் வருஷம் அவர்கள் பைபிளில் யாத்திராகமத்தை அதிகாரம் அதிகாரமாக வாசித்து வந்தார்கள். முட்டுகிற மாடு, அடுத்தவன் வயலில் மேய்ந்த மாடு என்று சட்டங்கள் வருகிற இடம் பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கிறதென்று சிரித்தார்கள். அடுத்த வாரம், பகைவனுடைய மாடு தப்பிப் போவதைக் கண்டால் அதை அவனிடமே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்ற வசனம் வந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிலர் குனிந்து பாயைப் பார்த்தார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஞானசுந்தரிக்கும், பக்கத்துக் கொல்லைக்காரரான பஞ்சாட்சரத்துக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை. கதிர் வாங்கியிருந்த அவளுடைய கேழ்வரகில் அவர் மாடுகள் இறங்கி மேய்ந்துவிட்டன. கேட்கப் போனபோது, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் அவர் சொன்னார்:

"மாட்டுக்கு இன்னா தெரியும்? நீ புஸ்தகத்த மூடி வச்சிட்டு கொல்லைல போய் காவ இரு."

பயிர் போன வருத்தம் ஆறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் ஆறவில்லை.

ஜெபத்துக்கு வந்திருந்தவர்களில் அடுத்த வீட்டு மார்த்தாள்தான் மனதில் பட்டதைக் கேட்கக்கூடியவள்.

"அப்போ பஞ்சாச்சரம் மாடா இருந்தாலும் ஓட்டிக்கினு போய் வுடணுமாக்கா?"

ஞானசுந்தரி அந்த வசனத்தை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு, மாடு என்பது வழிதப்பின ஆத்துமாவுக்கு அடையாளம் என்றும், அதை மேய்ப்பரிடம் கொண்டு சேர்ப்பதைத்தான் வசனம் சொல்கிறது என்றும் விளக்கினாள். பெண்கள் தலையாட்டினார்கள். மார்த்தாள் ஆட்டவில்லை.

நாலைந்து நாள் கழித்து, களையெடுக்கக் கிளம்பிய ஞானசுந்தரி, பஸ் போகிற ரோட்டின் நடுவே பஞ்சாட்சரத்தின் செவலைப் பசு நிற்பதைப் பார்த்தாள். நிறைசினை. அறுந்த கயிறு தரையில் கிடந்தது. போய்க் கயிற்றைப் பிடித்தாள். உதவி செய்கிற எண்ணத்தில் பிடிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். கேட்பாரற்றுத் திரிகிற மாடுகளை அடைக்கும் பவுண்டு உத்திரமேரூரில் இருந்தது. அங்கே விட்டால் பஞ்சாட்சரம் அபராதம் கட்டிவிட்டு, தலை குனிந்துதான் ஓட்டிவர வேண்டும். அந்தத் திசையிலேயே நடந்தாள்.

பசுவுக்கு நடக்க முடியவில்லை. நின்று நின்று மூச்சு வாங்கியது. அது நிற்கும்போதெல்லாம் இவளும் நிற்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சொன்ன விளக்கத்தை மனதுக்குள் எடுத்துப் பார்த்தாள். ஆத்துமா, மேய்ப்பர் எதுவும் அங்கே இல்லை. கையில் இருந்தது கயிறுதான். வசனத்தை மறுபடி நினைத்தாள். பகைவனிடம் பிரியமாகப் பேசு என்று அதில் இல்லை. அவனைப் பகைவன் என்றுதான் அதுவும் சொல்கிறது. மாட்டைக் கொண்டுபோய் விடு, அவ்வளவே. மனது ஒப்பாவிட்டாலும் காலால் செய்துவிடக்கூடிய காரியம். பசுவை மெதுவாகத் திருப்பினாள்.

பஞ்சாட்சரத்தின் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்க் குரல் கொடுத்தாள். விடிந்ததிலிருந்து ஏரிக்கரையெல்லாம் தேடியதாகச் சொல்லிக்கொண்டே அவர் மனைவி சொக்கம்மாள் ஓடிவந்து பசுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். ரோட்டில் இவளைப் பார்த்த யாரோ அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

"பவுண்டுக்கா ஓட்டிக்கினு போன?"

"ஆமா நைனா. பாதி வழி போயிட்டு திரும்பிட்டேன்."

"ஏன் திரும்பின?"

"புஸ்தகத்துல அப்டிதான் போட்டுகீது."

அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். சொக்கம்மாள் மோர் கொண்டுவந்தாள். ஞானசுந்தரி வாங்கிக் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போனாள். மனசு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அப்படியொன்றும் ஆகவில்லை. கால்தான் வலித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாட்டு முடிந்ததும் முதல் வேலையாக, போன வாரம் தான் சொன்னதை விட்டுவிடச் சொன்னாள்.

"மாடுன்னா மாடுதான்," என்றாள்.

மார்த்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஞானசுந்தரிக்கும் சிரிப்பு வந்தது.

பஞ்சாட்சரம் கடைசிவரை நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஐப்பசி பிறக்குமுன் ஆள்வைத்து, தன் மாடுகள் தாண்டாதபடி இரண்டு கொல்லைக்கும் நடுவில் முள்வேலி அடைத்தார். அடைத்து முடித்த அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மய வருமா, இன்னா சொல்ற?" என்று கேட்டார். வரும் போலத்தான் இருக்கிறதென்றாள் இவள். அதன்பிறகு மழை, விதை, யூரியா கிடைக்காத கஷ்டம் என்று ஏதாவது பேசிக்கொண்டார்கள். சிநேகம் என்று சொல்ல முடியாது. பகையும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஞானசுந்தரி விளக்கம் சொல்வது குறைந்துபோனது. வாசித்து முடித்துவிட்டு, இந்த வாரம் நம்மால் இதில் எதைச் செய்ய முடியும் என்று மட்டும் கேட்பாள். பெரும்பாலும் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம் மார்த்தாள், வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் நாத்தனாரைத் தென்னேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனாள்.