வாயில வலை இருந்திச்சு

பைக்கால விழுந்து தலையில அடிபட்ட பிறகு, இண்டைக்குத்தான் திரும்ப வீச்சுவலையோட வாவிக்குள்ள இறங்கினன். இடக்கை இன்னும் சொன்னபடி கேக்காது. பேச்சும் மெல்லமாத்தான் வரும்.

கரையில நிண்ட ஒருத்தர் என்ட மனிசிக்கிட்டச் சொல்றார்: "ஏன் பிள்ள இவரத் தண்ணிக்குள்ள விட்ட? இவருக்கு இனி இதெல்லாம் ஏலாது."

பிறகு என்னப் பாத்து, செவிடனுக்குச் சொல்ற மாதிரிச் சத்தமா: "தம்பி, நான் சொல்றது விளங்குதா?"

நான் வீசுறதுக்கு வலையத் தூக்கினன்.

"பாத்தியா, விளங்கல்ல," எண்டார்.

ஐயா, வலை வீசுறவன் அதின்ட ஒரு ஓரத்தப் பல்லால கடிச்சுப் பிடிக்கோணும். அந்த நேரம் வாயத் திறந்தா வலை போயிரும். வாவிக்கரையில இருந்துகொண்டு இது தெரியாதா?

முதல் வீச்சு சுருண்டு விழுந்திச்சு. அடுத்ததும் அப்பிடித்தான். அதுக்குப் பிறகு ஒண்டு நல்லா விரிஞ்சிச்சு.

கரைக்கு வந்தா, அவரே திரும்பவும் மனிசிக்கிட்டக் கேக்கிறார்: "என்ன மீன் பட்டது?"

"பிடிச்சவரிட்டயே கேளுங்க," எண்டா மனிசி.

கேட்டார். மீன்ட பேர் தொண்டைக்குள்ள நிண்டிச்சு. மனிசி உதவிக்கு வரல்ல. நானும் விடல்ல. அவர் வெயிலுக்குள்ள நிண்டார்.

"மணலை," எண்டு முழுசாச் சொல்லித்தான் அவர விட்டன்.

நாளைக்கும் இறங்குவன். கதைக்க விருப்பமான ஆக்கள் கரைக்கு வாங்க. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நிக்கோணும், அவ்வளவுதான்.