வெறுங்கையோடு வந்த அப்பா

நேற்று சாயங்காலம் தெருமுனையில் லாரி ஆரன் கேட்டது. நாமக்கல்லில் அதற்கெல்லாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு யாழினி மட்டும் தலைதெறிக்க ஓடினாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேனே...

அவள் அப்பா சரவணன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வரும்போது கேபினிலிருந்து ஒரு பை நிறையப் 'பண்டம்' இறங்கும். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கலர் கலராக ஜெல்லி! அந்தப் பை தீரும்வரை மகள் சோற்றைத் தொடமாட்டாள். தீர்ந்த பிறகும் தெருக்கடைப் பாக்கெட்தான்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் ரொம்பக் கம்மி, பாக்கெட் தீனியை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அம்மா கோமதி அன்றே சரவணனுக்கு போனில் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்து சரவணனிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"ஏனுங்கக்கா... நான் ஊட்ல இருக்கறதே ரெண்டு மூணு நாளு. வெறுங்கையோட வந்தா பாப்பா எங்கிட்ட வருமாங்க?"

குழந்தை உணவு பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மளமளவென்று எழுதிவிடுவேன். இதற்கு? "அதெல்லாம் வருவா, நீங்க வாங்க" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

வந்தார். லாரியை என் வீட்டையொட்டிய காலி மனையில் நிறுத்தினார். கோமதி தையல் கம்பெனி ஷிப்டில் இருந்தாள். யாழினி கேபினுக்குள் ஏறித் துழாவிப் பார்த்தாள்.

"பண்டம் எங்கப்பா?"

"டாக்டரு வேண்டான்னுட்டாரு சாமி."

அழவில்லை. இறங்கி வந்து, என் வீட்டு வாசல்படியில் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சரவணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மனுஷர் லாரிப் பெட்டியைத் திறந்து அடுப்பை இறக்கினார். சக்கரத்து ஓரமாக உலை வைத்தார். வழியில் அவர்கள் சமைத்துச் சாப்பிடுவது அப்படித்தானே?

"அக்கா, வேலி முருங்கையில ரெண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுங்களா?"

வெங்காயம் வதங்கியது. கீரை விழுந்தது. முட்டை உடைந்தது. வாசம் வந்ததும் முதுகு மெல்லத் திரும்பியது!

"லாரிலயே சோறாக்குவீங்களாப்பா?"

"பின்னே? தெனமும் இப்படித்தான் சாமி."

"யாரு ஊட்டி உடுவாங்க?"

"எனக்கு யாரு ஊட்டி உடுவா? நானேதான் தின்னுக்கோணும்."

யாழினி யோசித்தாள். எழுந்து போனாள். தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்!"

கீரைங்க! வாயில் வைத்ததுமே துப்புகிற பெண், முருங்கைக்கீரைப் பொரியலைச் சோற்றில் பிசைந்து தின்கிறாள். குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று என்றைக்காவது யோசிக்கிறோமா?

சரவணன் மறுபடி லோடு ஏற்றிப் போனார். அவர் வழியில் சமைப்பதை வீடியோ காலில் காட்டினார். அதையே இங்கேயும் செய்யச் சொல்லிக் கோமதியைப் பாடாய்ப் படுத்தினாள் மகள். பாக்கெட் ஆசை ஒரேயடியாகப் போய்விடவில்லை. கடையைத் தாண்டும்போது கண் இன்னும் அங்கேதான் போகிறது. ஆனால் தட்டு காலியாகிறது.

நேற்று ஆரன் கேட்டதும் அவள் தூக்கிக்கொண்டு ஓடியது என்ன தெரியுமா? மத்தியானமே உட்கார்ந்து உருவி வைத்த ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை! அப்பா கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"அடுப்ப எறக்குங்கப்பா!"

சரவணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டார்.

என் வேலி முருங்கைதான் மொட்டையாக நிற்கிறது... நிற்கட்டும்!