வடை வாசனை அடித்த இன்ஜின்

சின்னசேலம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு வேன் புகைவிட்டுக் கிளம்பியது. பலகாரக் கடைகளில் மிஞ்சும் எண்ணெயில் செய்த பயோடீசலில் ஓடுகிறதாம். அந்தப் புகையை முகர்ந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கரும்புக்கு டீசல் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், பாதிக் கரும்பு காய்ந்து நிற்கும்போதே டீசல் தீரப்போனது. வீட்டிலிருந்து அம்மா கடலை எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்ற? பலகாரத்துக்கு வச்சதுடி!" என்று அப்பா கத்தினார்.

"சூடா ஓடிக்கினு இருக்கும்போதே ஊத்தணுங்க. ஆறிப்போச்சுனா இந்த எண்ணெயில கிளம்பாது," என்றபடி டேங்கில் ஊற்றிவிட்டாள்.

இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது. கரும்பு முழுக்க நனைந்தது. கரும்புக் கொல்லையெங்கும் வடை சுடும் வாசனை. பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"ஆளுக்கு ரெண்டு வடை வருங்களா?" என்றாள் ஒருத்தி.

அப்பா இன்ஜினைக் காட்டினார். "எல்லாத்தையும் அதுவே துன்னுக்கினு இருக்குது."

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இட்லிதான்.

வேன் போய்விட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.