நான் கொட்டிய 'ம்'

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாத அடைமழையில், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. எழுதி அனுப்பலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். படிக்கிறவர்கள் காறித் துப்பினாலும் பரவாயில்லை என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிடும். அப்புறம் நானும் ஃபேன் சத்தமும்தான். லீவுக்கு வந்த மகள், பொழுது போகட்டும் என்று என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரே நிறத்துக் கட்டிகள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் உடையும். எல்லாவற்றையும் உடைத்தால் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை வைத்து ஒருத்திக்கு வீட்டைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். கதை இதுதான்: புருஷன் துரத்திவிட்ட ஒரு மஞ்சள் முடிக்காரி, கைக்குழந்தையோடு கொட்டும் பனியில் ஓர் இடிந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள். ஜன்னல் இல்லை, அடுப்பு இல்லை, கூரை ஒழுகுகிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பாள். எதை முதலில் சரிசெய்வீர்கள் என்று கேட்கும். எந்த மகராசன் மொழிபெயர்த்தானோ, 'கூரை வெற்றிகரமாக மகிழ்ச்சி அடைந்தது' என்றெல்லாம் தமிழ் வரும். சிரித்துக்கொண்டே விளையாடுவேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து கட்டிகள் மொத்தமாக உடைந்தால் 'அருமை!' என்று போன் சொல்லும். இருபது வருடமாகச் சமைக்கிறேன், இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வந்தது கிடையாது. ஐந்து தடவை தோற்றால் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். அந்த அரை மணியில்தான் துணி துவைப்பது, சோறு வடிப்பது எல்லாம். அந்த மஞ்சள் முடிக்காரிக்காக ஒருநாள் கண் கலங்கியிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வந்தாள்.

என்னைவிட ஏழு வயது சின்னவள். நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை. அவள் புருஷன் கை நீட்டுகிற ஆள். குழம்பில் உப்புக் கூடினால் அடி, போனில் ரெண்டு நிமிஷம் கூடப் பேசினால் அடி. அந்தத் தடவை பொறுக்க முடியாமல், ஒரு ஜவுளிக்கடைப் பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

தலையைத் துவட்டிவிட்டேன். சுடச்சுடச் சோறு போட்டேன். முதல் ரெண்டு நாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் பழையபடி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். அங்கே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எங்கே அடித்தார், எல்லாம். நான் போனைப் பார்த்தபடியே 'ம்' கொட்டுவேன். நம் ஊரில் ம் கொட்டாமல் யார் கதை கேட்கிறோம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதே 'ம்', சரி என்பதற்கும் அதே 'ம்'. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் என் தங்கை மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம். அவள் புருஷனின் அண்ணன் போன் செய்து, தம்பி திருந்திவிட்டான், கிளம்பி வா என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு நம்பிக்கை இல்லை. பயம். என்னிடம் வந்து உட்கார்ந்தாள். நானோ கூரைக்கான கடைசி ஆட்டத்தில் இருந்தேன். இன்னும் ஐந்தே நகர்த்தல், ஒன்பது கட்டி பாக்கி. ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏதோ கேட்டாள். ம்ம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போனது ஓரக்கண்ணில் தெரிந்தது.

ஜெயித்துவிட்டேன். பட்டாசு வெடித்தது. மஞ்சள் முடிக்காரி கூரைக்குக் கீழே குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள்.

சாயங்காலம் அடுத்த ஆட்டத்தில் இருந்தபோது வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்க்கா" என்றாள். கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். தலையைத் தூக்கியிருந்தால் கையில் இருந்த பையைப் பார்த்திருப்பேன். வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரமாகியும் வரவில்லை. போன் செய்தால், ஊருக்குப் போய் இறங்கிவிட்டேன் என்கிறாள். யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்தினேன்.

"ஒன்னையத்தான் கேட்டேன். ஒனக்குத் தொந்தரவா இருந்தா நான் திரும்பிப் போயிரட்டுமாக்கான்னு ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் ம்-னு சொன்னியே."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கூட்டிவந்திருக்கலாம். போகவில்லை. அவர்தான் திருந்திவிட்டாராமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டு நிஜத்தைச் சொல்கிறேன், வீடு மறுபடி எனக்கே எனக்கு என்று ஆனதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. மறுநாள் காலையில் அந்த மஞ்சள் முடிக்காரிக்குச் சமையலறை கட்ட ஆரம்பித்தேன். நான் எல்லாம் ஒரு அக்கா!

தை மாதம் போன் வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ஓடினேன். இடது காதில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தாள். கன்னம் வீங்கிக் கண் மூடியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் காது இனிமேல் கேட்காது என்றார்.

காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வீட்டுக்கு வந்துவிடு, மஸ்கட்டில் இருக்கிற மச்சானிடமும் பேசிவிட்டேன், கடைசி வரைக்கும் என்னோடு இரு என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வேணாங்க்கா. அடிச்சாலும் அவரு என் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுறாரு" என்றாள்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. விளையாட்டை அன்றைக்கே அழித்துவிட்டேன். அழித்து என்ன பிரயோஜனம்? சமையல் வீடியோ பார்த்தாலும் நடுவில் விளம்பரமாக அந்த மஞ்சள் முடிக்காரி வருகிறாள், பனியில் நடுங்கிக்கொண்டு. அவளுக்கு மாடி வரைக்கும் கட்டிக் கொடுத்தவள் நான்.

தங்கை அங்கேயேதான் இருக்கிறாள். அடி நின்றதா என்று தெரியாது. என்ன கேட்டாலும், நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போய், என்னோடு வந்து இருடி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 'போயிரட்டுமாக்கா' என்று அவள் என்னிடம் கேட்டு முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது.