இரண்டரைக் கட்டை

சந்திரசேகருக்குக் காது கேட்காது என்பது தலைச்சோலையில் அவருடைய மனைவி மலருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அவருக்குத் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. “கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவருங்க, நம்மகூடவெல்லாம் பேசுவாரா?” என்று டீக்கடையில் அவர் எதிரிலேயே சொல்வார்கள். அவர் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பும் திமிராகத்தான் பட்டது.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. குடும்ப நிலத்தில் காப்பியும் நடுநடுவே பலாவும் இருந்தன. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார், வரும்படி அவர் குடும்பத்துக்கே சரியாக இருந்தது. சந்திரசேகர் பத்தொன்பது வயதிலேயே ஏற்காட்டுக் கிங்ஸ்டனின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடம் கோயில் திருவிழா, கல்யாணம், கோடைவிழா என்று மலையிலும் கீழே சேலம் பக்கத்திலும் மேடை ஏறினார். அவர் நிற்கிற இடம் எப்போதும் மேடையின் இடது ஓரம். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு ஒட்டினாற்போல்.

ஒரு ஜனவரியில் அவர் மலரைக் கேட்டார். “இந்த மாசத்துல எதுக்கு சில்வண்டு இப்படிக் கத்துது?”

மலர் வாசலுக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்தாள். “வண்டும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வெளிய சத்தமே இல்ல.”

அந்த இரைச்சல் பிறகு நிற்கவே இல்லை. அதற்குள் மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. சேலத்தில் பார்த்த டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். காதில் வைக்கிற மிஷின் ஒன்று கொடுத்தார்கள். அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து பேசினால், பாதிப் பேச்சு புரியும். வீட்டுக்கு வந்து மிஷினை வைத்துக்கொண்டு கீபோர்டை அழுத்திப் பார்த்தார். எந்தச் சுரத்தை அழுத்தினாலும் தகரத்தில் கரண்டி தட்டுகிற மாதிரி ஒரே சத்தம். மிஷினைக் கழற்றி அதன் டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

கிங்ஸ்டனிடம் முதுகுவலி, இனி மேடையில் நிற்க முடியாது என்று சொன்னார். கிங்ஸ்டன் நம்பினார். “சரி சேகரு, ஊட்டுல இருந்தே எனக்கு எழுதிக் குடு” என்று வேறு வேலை கொடுத்தார்.

அந்த வேலை இதுதான். ஒரு பாட்டுக்கான கீபோர்டு வாசிப்பைக் கிங்ஸ்டன் துண்டு துண்டாக மிடி கிளிப்புகளாக அனுப்புவார். மிடி என்பது ஒலி அல்ல. எந்தக் கீயை எப்போது, எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்கிற குறிப்பு. அதை இசைச் சாஃப்ட்வேருக்குள் இழுத்துப் போட்டால் திரையில் பச்சைக் கோடுகளாக விழும். சந்திரசேகர் அந்தக் கிளிப்புகளைப் பாடகரின் குரலுக்குக் கீழே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் அந்த இடத்தில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டின் பெயரை எழுதவேண்டும்: சி மேஜர், ஏ மைனர், எஃப். மேடையில் வாசிப்பவர்கள் அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

இந்த வேலைக்குக் காது வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். சந்திரசேகர் கண்ணால் செய்தார். ஒரு சுரக்கூட்டின் மூன்று கோடுகளுக்கும் இடையே எத்தனை கட்டம் என்று எண்ணினால் மேஜரா மைனரா என்பது தெரிந்துவிடும். சினிமாப் பாட்டு என்றால் எண்ணவும் வேண்டாம், விரல்களுக்கே மனப்பாடம். போன் வந்தால் எடுக்கமாட்டார். ‘சிக்னல் இல்லை, மெசேஜ் போடு’ என்று எழுதி அனுப்புவார். மலையில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு பெயர்கூடத் தப்பானதில்லை.

போன மே மாதத் திருவிழாவுக்குக் கிங்ஸ்டன் சொந்தமாக ஒரு சாமி பாட்டு போட்டார். பாட்டின் சுருதி இரண்டரைக் கட்டை. மேடைக்காரர்கள் பலரையும் போலக் கிங்ஸ்டனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுருதியானாலும் விரலை ஒரு கட்டையில், அதாவது சி-யில்தான் வைப்பார். சுருதியை ஏற்றவும் இறக்கவும் கீபோர்டிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. இந்தப் பாட்டைப் பதியும்போதும் பட்டனை அமுக்கிவிட்டு வாசித்தார். அறையில் இரண்டரைக் கட்டையில்தான் ஒலித்தது. ஆனால் அவருடைய கீபோர்டில் அந்தப் பட்டன் ஒலியை மட்டும்தான் மாற்றும். கணினிக்குப் போன குறிப்பில் விரல் வைத்த இடம் மட்டுமே பதிந்தது.

கிளிப்பைக் குரலோடு சேர்த்து ஒருமுறை ஓட்டிக் கேட்டிருந்தால் இரண்டும் சேரவில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். சந்திரசேகர் திரையைப் பார்த்தார். கட்டங்களை எண்ணினார். சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்று எழுதி அனுப்பினார். புதுப் பாட்டு, மனப்பாடத்தில் அது இல்லை.

திருவிழாவில் கீபோர்டு வாசித்தவள் சிவசக்தி. மஞ்சக்குட்டை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண், வயது இருபத்திரண்டு. போனில் வீடியோ பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டவள். குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாடகி அன்று காலையில்தான் சேலத்திலிருந்து வந்தார், ஒத்திகை நடக்கவில்லை. கணினியிலிருந்து புல்லாங்குழல் இரண்டரைக் கட்டையில் தொடங்கியது. பாடகி அந்தச் சுருதியைப் பிடித்தார். சந்திரசேகர் எழுதியிருந்தபடி சிவசக்தி ஒரு கட்டையில் கை வைத்தாள்.

இரண்டு வரிக்குள் பாடகி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். சிவசக்தி பதறிப்போய்ப் பட்டனை அமுக்கினாள். அது சுருதியை இன்னும் கீழே இறக்கிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: “பாட்டு ஏற்காட்டுக்கு ஏறுது, கீபோர்டுப் பொட்டி சேலத்துக்கு எறங்குது! ரெண்டு பேரும் கொண்டை ஊசி வளைவுல பாத்துக்கங்க!” எல்லோரும் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிரிக்கவில்லை. சாமி பாட்டு பாதியில் நின்றது நல்லதல்ல என்று எழுந்துபோனார்கள்.

மேடைக்குப் பின்னால் கிங்ஸ்டன் அவளைப் பிடித்துக்கொண்டார். “முந்தின பாட்டுக்குப் போட்ட பட்டனை எடுக்காமயே விட்டுட்ட. அப்படித்தானே?”

“இல்லீங்கண்ணா. எழுதியிருந்ததைத்தான் வாசிச்சேன்.”

“எழுதினது யாரு தெரியுமா? சேகரு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மேடை ஏறினவன். அவன் தப்பா எழுதுவானா? பொய் வேற சொல்றியா?”

மறுநாள் முதல் அவளைக் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் சிவசக்தி ஜீப் பிடித்துத் தலைச்சோலைக்கு வந்தாள். மலர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். சந்திரசேகர் உள்ளே கணினி முன்னால் இருந்தார்.

சிவசக்தி அவர் எதிரே போய் நின்றாள். “அண்ணா, அந்தப் பாட்டை ஒருக்கா ஓட்டுங்க. நானும் கேக்கறேன், நீங்களும் கேளுங்க. என் மேல தப்பு இருந்தா நான் பேசாம போயிடறேனுங்க.”

உதடுகளைப் பார்த்து அவருக்குப் பாதி புரிந்தது. பாட்டைத் திறந்து ஓட்டினார். மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் குரல் ஒரு பக்கமும் கீபோர்டு ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போயின. மலர் எண்ணெய்க் கையோடு எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

“சேருதுங்களாண்ணா?” என்று சிவசக்தி கேட்டாள்.

அவர் திரையைக் காட்டினார். “சேராம என்ன? பாரு கண்ணு, சி, ஏ மைனர், எஃப். எல்லாம் அதது எடத்துல சரியா உக்காந்திருக்குது.”

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சிவசக்தி அவருக்குப் பின்னால் போய் நின்று, “அண்ணா, உங்களுக்குக் காது கேக்குதுங்களா?” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

“கேக்காது கண்ணு” என்றாள் மலர். “ரெண்டு வருசத்துக்கும் மேல ஆச்சு.”

சிவசக்தியே கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். அப்போதுதான் சந்திரசேகர் இருவர் முகத்தையும் பார்த்தார்.

“கிங்ஸ்டன்கிட்ட நீ போய்ச் சொல்லீராத சாமி” என்றாள் மலர். “இது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அவரே சொல்லட்டும்.”

“எப்பங்கக்கா?”

மலர் கணவனின் தோளைத் தொட்டுத் திருப்பி, எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை சொல்லீர்றேன்.”

“நான் காத்திருக்கேனுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுச் சிவசக்தி போனாள். மலர் கொடுத்த பலாச்சுளையை வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கிங்ஸ்டனிடமிருந்து நான்கு பாட்டுகள் வந்தன. எல்லாம் தெரிந்த சினிமாப் பாட்டுகள். எழுதி அனுப்பினார், சரியாக இருந்தன. ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது. மலர் கேட்டால், “சொல்லத்தான போறேன், நொம்பப் புடுங்காத” என்று எரிந்துவிழுந்தார். சிவசக்தியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாளோ, மலரின் முகத்துக்காக விட்டாளோ, தெரியாது.

ஜூன் முதல் வாரத்தில் மஞ்சக்குட்டைக்குப் போய்வந்த மலர் ஒரு செய்தியோடு வந்தாள். அவர் எதிரே நின்று மெதுவாகச் சொன்னாள். “அந்தப் புள்ள கீபோர்டுப் பொட்டிய வித்துப்போட்டாளாம்.”

மறுநாள் காலை சந்திரசேகர் டப்பாவைத் திறந்து மிஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினார். கிங்ஸ்டனின் அறையில் போய் நின்று சொன்னார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல, தனக்குக் காது கேட்பதில்லை.

கிங்ஸ்டன் முதலில் சிரித்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, கை தெரியாதபடி ஒரு பெட்டியை முன்னால் வைத்தார். “இது என்ன, சொல்லு பாப்போம்.”

அவருடைய தோள் அசைவதைச் சந்திரசேகர் பார்த்தார். தகரச் சத்தம் ஒன்று கேட்டது. “தெரியல.”

தோள் மறுபடியும் அசைந்தது. “தெரியல.”

மூன்றாவது முறை வெகுநேரம் காத்திருந்துவிட்டு, “மேஜரா?” என்றார்.

கிங்ஸ்டன் பெட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். இந்த முறை அவர் எதையும் அழுத்தவே இல்லை.

சந்திரசேகர் சொன்னார்: “அந்தப் புள்ளயத் திரும்பக் கூப்புடு.”

கிங்ஸ்டன் அங்கேயே போன் போட்டார். பேசி முடித்த பிறகு, வாயால் சொல்லாமல், போனில் எழுதி நீட்டினார்: ‘வரலையாம். ரிசார்ட்டில் ரூம் துடைக்கிற வேலைக்குப் போய்விட்டாளாம். நீ சொன்னதைச் சொன்னேன். சரிங்கண்ணா என்று வைத்துவிட்டாள்.’

அதன் பிறகு கிளிப் எதுவும் வரவில்லை. கிங்ஸ்டன் கோபமாகக்கூட எதுவும் எழுதவில்லை. விஷயம் மட்டும் மலை முழுவதும் பரவியது. டீக்கடையில் இப்போது யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லை. அவரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் மலரிடம் கேட்கிறார்கள்.

மழை பிடித்ததும் பக்கத்து எஸ்டேட்டில் செடிக்குக் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள். இருவரும் போய் வரிசையில் நின்றார்கள். ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, மலரைப் பார்த்து, “ஏனுங்க, இவரு மம்பட்டி புடிப்பாருங்களா?” என்று கேட்டார்.

மலர் வாயைத் திறப்பதற்குள், உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரசேகர், “புடிப்பேனுங்க” என்றார். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.