இந்த வாரம் யார் முறை

1. மகளுக்கு ஒன்றரை வயதானபோது, இடது காலை நுனிவிரலில் மட்டுமே ஊன்றுகிறாள் என்பதைக் கவனித்தோம்.
2. பிறந்த நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதன் விளைவு என்றார் மருத்துவர். முழுவதும் சரியாகாது, பயிற்சியை விடாமல் கொடுத்தால் நடப்பாள் என்றும் சொன்னார்.
3. கரோல் பாக்கில் ஒரு பயிற்சி மையத்தில் வாரத்துக்கு ஒரு முறைதான் இடம் கிடைத்தது. மற்ற நாட்களில் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.
4. நான் செய்தேன்.
5. என்னைக் கண்டாலே மகள் காலை மடக்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

செய்முறை எளிது. ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மறு கையில் குதிகாலை ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே தள்ளி, முப்பது எண்ணும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் தசைநார் குறுகிவிடும். பிறகு மாவுக்கட்டு, அதற்கும் பிறகு அறுவைச் சிகிச்சை. குளிர்காலத்தில் தசை இன்னும் இறுகும். நாங்கள் குடியிருக்கும் முனிர்காவில் எங்கள் அறைக்கு வெயில் வராது. ஹீட்டரைப் போட்டு, எண்ணெயைச் சூடாக்கிய பிறகுதான் தொடங்குவேன். கிண்ணத்தை எடுத்ததுமே அவள் தவழ்ந்து அப்பாவிடம் போய்விடுவாள். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நஹி அம்மா, நஹி" என்று இந்தியில் வேண்டாமென்பாள். அவரிடமிருந்து அவளைப் பிரித்தெடுப்பதும் என் வேலைதான்.

மையத்தில் பயிற்சி தரும் பெண்ணிடம், இதை வேறு யாராவது செய்யக்கூடாதா, நான் வெறும் அம்மாவாக இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"அச்சா மம்மி, யார் செய்வாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் இந்தியில். "ஒரு நாள் என்னோடது. மிச்ச நாளெல்லாம் உங்களோடது. பப்பா எங்கே? அவருக்குக் கை இல்லையா?"

நான் வேலை பார்ப்பது ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பழுது வந்தால் சரிசெய்யும் குழுவில். சுமை ஒருவர் மேலேயே விழாமல் வாராவாரம் முறை மாற்றிக்கொள்வோம். அன்று வீட்டில் அதையே சொன்னேன்: ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீங்க. கணவர் மகளை மடியில் தூக்கி வைத்து, "பாத்தியாடி, உங்கம்மா ஆபீஸ் டியூட்டியை உன் காலுக்கும் போட்டுட்டா" என்றார். அவள் சிரித்தாள்.

அவருடைய முதல் நாளில் நான் சமையலறையில் நின்றேன்.

"அப்பாதாண்டா செல்லம், இதோ முடிஞ்சிருச்சு, இருபத்தஞ்சு, இருபத்தாறு..."

"ஏமாத்தாதீங்க. பாதிகூட ஆகல."

"நீ சும்மா இரு. அவ அழறது காதுல விழலையா?"

அழுகை ஓய்ந்ததும் அவர் கழுவுதொட்டிக்கு வந்து, எண்ணெய் போன பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மகள் என்னிடம் தவழ்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெகுநாள் கழித்து வந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் என் முறை. அதற்கடுத்த வாரம் அவர் முறை. ஆனால் அவளுக்கு வாரம் என்றால் என்னவென்று தெரியாது. இன்று யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியே இல்லை. ஒருநாள் மாலை கிண்ணத்தை எடுத்தபோது, தவழ்ந்துகொண்டிருந்தவள் அறை நடுவில் தவழ்வதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்து, இடது காலை உடம்புக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வாடா கண்ணு, இன்னைக்கு அம்மா இல்ல, அப்பா" என்றார் அவர்.

"யாரா இருந்தா அவளுக்கு என்னங்க?"

"முன்னாடியாவது எங்கிட்ட வருவா" என்றார். என்னைக் குறை சொல்லும் குரலாக அது இல்லை.

பழையபடி நானே செய்து பார்த்தேன். அவர் விலகியே இருந்தார். அப்போதும் அவள் அவரிடம் போகவில்லை, இடுக்குக்குத்தான் போனாள். மையத்தில் சொன்னபோது, "பழகிடும் மம்மி, நிறுத்திடாதீங்க" என்றார்கள்.

குதிகால் இன்னும் தரையைத் தொடவில்லை. அடுத்த மாதம் மருத்துவர் பார்த்துவிட்டு, மாவுக்கட்டு வேண்டுமா என்று முடிவு செய்வார். பயிற்சியை நிறுத்தவில்லை. இப்போது முறை எதுவும் இல்லை. இடுக்கிலிருந்து அவளைத் தூக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர் என்று இருவரும் சேர்ந்தே செய்கிறோம்.